‘இரண்டு ஆண், பத்துப் பெண்’: ஒரு கினிக்கோழித் தொகுப்பு பற்றிய மதிப்பீடு

இரண்டு மாத வயதுள்ள 12 கினிக்கோழிகள், ஒரு மூட்டை வளர்பருவத் தீவனம், இரண்டு தண்ணீர்க் குவளைகள், சண்டையைத் தடுப்பதற்கென்று நான்கு பிளாஸ்டிக் கோழிக்கண்ணாடிகள், பராமரிப்புக் குறிப்புகள் அச்சிட்ட ஒரு தாள், ஆறு மாதங்களுக்குத் தொலைபேசி ஆலோசனை ஆகியவை அடங்கிய தொகுப்பு ஒன்றைப் பக்கத்து மாவட்டத்துத் தனியார் பண்ணையிடம் 5,500 ரூபாய்க்கு வாங்கினோம். கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் நாட்டுக்கோழிகளும், பெருவிடை எனப்படும் பெரிய உடல்வாகுள்ள நாட்டு வகைச் சேவல் ஒன்றும் ஏற்கெனவே இருந்தன. பறவைகள் ஒரு முழு இனப்பெருக்கப் பருவத்தைக் கடந்த பிறகே இதை எழுதுகிறேன். பறவைகளின் உடல்நலத்தைப் பொறுத்தவரை பண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ‘இரண்டு ஆண், பத்துப் பெண்’ என்று விலைச்சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்குறுதியை அந்தப் பண்ணை மட்டுமன்று, அந்த வயதில் எந்தப் பண்ணையும் காப்பாற்ற முடியாது. தோப்பில் பின்னர் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தவை என்பதால், இந்த மதிப்பீட்டில் மற்ற எதையும்விட அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

வந்து இறங்கிய விதத்தில் குறை அதிகம் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே, காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டுகளில், ஒன்றின்மேல் ஒன்று நெருக்கியடிக்காமல் கொண்டுவந்தார்கள். 12 பறவைகளில் எட்டு, கருஞ்சாம்பல் உடலில் வெள்ளைப் புள்ளி போட்ட சாதாரண வகை. நான்கு, வெளிர் ஊதா கலந்த சாம்பல் நிறத்தவை. உத்தரப் பிரதேசத்தின் இசட்நகரில் உள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என மூன்று நிற வகைகளை உருவாக்கி வெளியிட்டிருக்கிறது. புள்ளி போட்டது காதம்பரி, வெளிர் ஊதா சிதம்பரி, வெள்ளை சுவேதாம்பரி. பண்ணைக்காரர் தம்முடையவை அந்த வழியில் வந்தவை என்றார். அதற்கு ஆவணம் எதுவும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, ஏனென்றால் நிறத்துக்காகக் கூடுதல் விலை வாங்கவில்லை.

ஒரு பறவை மட்டும் நொண்டியபடி இறங்கியது. இறக்கி வைத்த ஆள், கிரேட்டின் வாயில் கையை விட்டுக் காலைப் பிடித்து இழுத்ததை நானே பார்த்தேன். நாட்டுக்கோழியைக் காலைப் பிடித்துத் தூக்குவது நம் ஊரில் கண்டுகொள்ளப்படாத வழக்கம். கினிக்கோழியின் கால் அதைத் தாங்காது. உடம்பின் பருமனுக்கு அதன் கால் மெலிந்தது. துள்ளுகிற வேகத்தில் இடுப்பு மூட்டு விலகிவிடும். இரண்டு இறக்கைகளையும் உடலோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டும், அல்லது கைவலையால் மூடிப் பிடிக்க வேண்டும். கினிக்கோழியையே தொழிலாக விற்கிற இடத்தில் கூலியாளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டாமா? அந்தப் பறவைக்குப் பதிலாக வேறொன்று தருவதாக உடனே ஒப்புக்கொண்டார்கள், அடுத்த வண்டியில் தரவும் செய்தார்கள்.

இனி அந்த ‘இரண்டு ஆண், பத்துப் பெண்’ விஷயம். கினிக்கோழியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வளர்ந்த ஆணின் தாடி பெரிதாகவும் கிண்ணம்போல் சற்று மடங்கியும் இருக்கும், தலையில் உள்ள எலும்பு முடிச்சும் பருமனாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மாதக் குஞ்சில் இந்த வேறுபாடுகள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. நம்பத்தகுந்த ஒரே அடையாளம் குரல். பெட்டை இரண்டு அசைகளாக, ‘கப்-ராக், கப்-ராக்’ என்று இரண்டாம் அசையை மேலே தூக்கிக் கத்தும். ஆண் ஒருபோதும் அப்படிக் கத்தாது. ‘ச்சி, ச்சி, ச்சி’ என்று ஒற்றை அசையை இயந்திரம்போல் அடுக்கும். சிக்கல் என்னவென்றால், மிரண்டால் பெட்டையும் ஒற்றை அசையில் கத்தும். ஆகவே இரண்டு அசை கேட்டால் அது பெட்டை என்று உறுதி. ஒற்றை அசை மட்டும் கேட்டால் ஆண் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. தவிர, இந்த இரட்டைக் குரல் ஏறக்குறைய எட்டாவது வாரத்தை ஒட்டித்தான் வெளிப்படத் தொடங்கும், எல்லாப் பெட்டைகளுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடாது. அந்த வயதிலேயே தலைமுடிச்சைத் தடவிப் பார்த்து ‘இது ஆண், இது பெண்’ என்று பிரித்து, அதற்குத் தனி விலை வைப்பது அனுமானத்தைச் சரக்காக விற்பதாகும்.

எங்களுக்கு வந்த பறவைகள் வளர்ந்து குரல் கொடுக்கத் தொடங்கியபோது ஏழு ஆண்களும் ஐந்து பெட்டைகளும் இருந்தன. இயற்கையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதியாகப் பொரிக்கும்; கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டைப் பிடித்துப் போட்டிருந்தாலும் இதே கணக்குத்தான் வந்திருக்கும். பிரித்தெடுத்ததற்கென்று வாங்கிய கூடுதல் தொகைக்குக் கிடைத்த பயன் இதுதான்.

பிப்ரவரி வரை இதனால் தொல்லை ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டும் ஒரே கூட்டமாகத் திரிந்தன. மார்ச் மாதம் வெயில் ஏறத் தொடங்கியதும் நிலைமை மாறியது. நம் நாட்டில் கினிக்கோழி முட்டையிடும் பருவம் பொதுவாக மார்ச் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும். ஆண்களின் மூர்க்கமும் அதே காலத்தில்தான் உச்சத்துக்குப் போகும். ஆண் கினிக்கோழி முதுகைக் கூன்போல் வளைத்து, இறக்கைகளை முதுகுக்கு மேலே தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் ஓடும். மற்றோர் ஆணைத் தோப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை துரத்தும். துரத்தப்பட்டது திரும்பி நின்றால் இது ஓடும். இவை தங்களுக்குள் ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தவரை அது வேடிக்கையாகவே இருந்தது. ஐந்து பெட்டைகளுக்கு ஏழு ஆண்கள் என்றால், இணை கிடைக்காத ஆண்கள் சும்மா இருப்பதில்லை. அவை நாட்டுக்கோழிகளின் பக்கம் திரும்பின, குறிப்பாகச் சேவலின் பக்கம்.

சேவலின் சண்டையில் ஓர் ஒழுங்கு உண்டு. எதிரியைப் பார்த்ததும் ஓர் இறக்கையைத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் அரைவட்டம் அடிக்கும். கழுத்து இறகைச் சிலிர்த்துத் தலையைத் தாழ்த்தும். நேருக்கு நேர் நின்று பாய்ந்து காலால் அடிக்கும். ஒன்று தோற்றுத் தலையைத் திருப்பினால் சண்டை முடிந்துவிடும். கினிக்கோழிக்கு இந்த முறைகள் எதுவும் தெரியாது. பின்னாலிருந்து ஓடிவந்து வால் இறகைக் கவ்விக்கொள்ளும். சேவல் ஓடினால் அலகை விடாமல் கூடவே ஓடும். இரண்டு, மூன்று சேர்ந்து வரும். எங்கள் சேவல் திரும்பி நின்று கழுத்தைச் சிலிர்க்கும்போது எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். பக்கத்திலிருந்து இன்னொன்று வந்து இறகைப் பிடுங்கும். ஒரு வாரத்துக்குள் அதன் வாலில் மூன்றே இறகுகள் மிஞ்சின, நடுமுதுகில் தோல் தெரிந்தது. ஏற்கெனவே ஆட்களைக் கண்டால் முறைக்கிற சுபாவமுள்ள அந்தச் சேவல், இந்தத் தொந்தரவுக்குப் பிறகு தீவனம் வைக்கப் போகிறவர்களின் கணுக்காலைக் குறிவைக்கத் தொடங்கியது. என் மாமியார் ஒரு கையில் சுளகும் மறு கையில் விளக்குமாறும் இல்லாமல் தோப்புக்குள் இறங்குவதில்லை என்ற நிலை வந்தது.

பண்ணையின் தொலைபேசி ஆலோசனையை முதன்முதலாக அப்போதுதான் பயன்படுத்தினேன். எடுத்துப் பேசியவர் பொறுமையானவர். “கண்ணாடி கொடுத்திருக்கோமுங்க, அதை மாட்டி விடுங்க, ரெண்டே நாள்ல அடங்கிடும்” என்றார். ஆண்கள் ஏழு இருக்கின்றன என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “குரலை வச்சுச் சொல்றீங்களா, இல்ல பார்வைக்குச் சொல்றீங்களா?” என்று கேட்டார். சரியான கேள்விதான், விற்பதற்கு முன்பு அவர்கள் தங்களையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அந்தக் கோழிக்கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையக் கடைகளில் அதைத் தனிப்பொருளாகவும் வாங்க முடிகிறது. பெயர்தான் கண்ணாடி, அதன்வழியே எதுவும் தெரியாது. சிவப்பு பிளாஸ்டிக்கில் செய்த, அலகின்மேல் உட்காருகிற ஒரு மறைப்பு அது. உள்பக்கம் இரண்டு சிறு முனைகள் இருக்கும். இடுக்கியால் அகட்டி, அந்த முனைகளை மூக்குத்துளை இரண்டிலும் உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ளும். பறவைக்குப் பக்கவாட்டிலும் கீழேயும் பார்வை இருக்கும், நேர் எதிரே இருப்பது மறைந்துவிடும். குறிபார்த்துக் கொத்த முடியாது. மூக்கின் நடுச்சுவரைத் துளைத்து ஊசி செருகுகிற பழைய வகை ஒன்றும் உண்டு. பிரிட்டனில் அதைச் சட்டப்படி தடை செய்திருக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தது துளைக்காத வகை, அந்த அளவில் சரி.

ஆனால் கினிக்கோழியின் முகத்துக்கு இது பொருந்தவில்லை. கோழியின் அலகை அளவாக வைத்துச் செய்த பொருள் இது. கினிக்கோழிக்கு அலகின் அடியிலேயே சதைப்பற்றும் தாடியும் தொடங்கிவிடுவதால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நின்றது. கால் நகத்தால் இரண்டு முறை சொறிந்ததும் கழன்று விழுந்தது. சேவலுக்குப் பொருந்தியது, அது ஆட்களின்மேல் பாய்வதையும் நிறுத்தியது. அதே சமயம் தரையில் தூவிய சோளத்தைத் தேடித் தடுமாறியது, தண்ணீர்க் குவளையின் விளிம்பில் மோதியது, கினிக்கோழிகள் எதிரே வந்து நிற்பதைக்கூடக் காணாமல் முன்னைவிட அதிகமாக அடி வாங்கியது. பருந்தும் வல்லூறும் வட்டமிடுகிற திறந்த தோப்பில், காவல் காக்க வேண்டிய சேவலின் பார்வையை மறைப்பது அறிவுடைமை ஆகாது என்று கழற்றிவிட்டோம். அடைத்த கொட்டகையில் ஒன்றையொன்று இறகு பிடுங்குகிற, முட்டையைக் கொத்திக் குடிக்கிற கூட்டத்துக்கு இது பயன்படக்கூடும். திறந்தவெளியில் கினிக்கோழி வளர்ப்பவருக்கு விற்கிற தொகுப்பில் இதைச் சேர்த்திருப்பது எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவதற்குத்தான்.

உண்மையில் சண்டையைத் தணித்தவை காசு செலவில்லாத ஏற்பாடுகளே. அவற்றில் ஒன்றுகூட அச்சிட்ட தாளில் இல்லை என்பது என் முக்கியமான குறை. தீவனம் வைக்கும் இடத்தை ஒன்றிலிருந்து மூன்றாக்கி, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி தென்னை மட்டைத் தட்டிகளைச் சாய்த்து வைத்தோம். துரத்தப்படுகிற பறவைக்கு மறைந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தால் துரத்துவது அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆண் கினிக்கோழிகளின் வேகம் விடிந்ததிலிருந்து முற்பகல் வரைதான் அதிகம் என்று கவனித்ததால், காலையில் கினிக்கோழிகளை முதலில் திறந்துவிட்டு, அவை தோப்பின் கடைசிக்குப் போன பிறகு நாட்டுக்கோழிக் கூட்டைத் திறந்தோம். கூட்டத்தில் எல்லாவற்றையும் கிளப்பிவிடுகிற ஆண் ஒன்று இருக்கும். அதைப் பஞ்சாரத்தில் கவிழ்க்காமல், மற்றவற்றின் குரல் கேட்கும் தூரத்தில் ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சில நாள் தனியாக அடைத்து வைத்தோம். திரும்பி வரும்போது கூட்டத்தின் வரிசை மாறியிருக்கும், அது கீழேயிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இவை எல்லாம் சண்டையைப் பாதியாகக் குறைத்தன. மீதிப் பாதி, ஆண்களின் எண்ணிக்கையைக் குறைத்தபோதுதான் போனது.

சேவலுக்கான சிகிச்சை வேறு. ஆளைப் பார்த்துப் பாய்கிற சேவலை உதைப்பது பலரும் செய்வது. அது சண்டைக்கு அழைத்ததை நாம் ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சேவல் எடுத்துக்கொள்ளும். பின்வாங்கி ஓடினாலோ அது வென்றதாகிவிடும், மறுநாள் இன்னும் முன்னதாகவே பாயும். அகலமான தட்டி ஒன்றை முன்னால் பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் அதன் பக்கமே நடந்து, அது ஒதுங்கி வழிவிடும்வரை நிற்பது பலன் தருகிறது. இரவில் அடைந்த பிறகு சேவல் சாதுவாகிவிடும். அந்த நேரத்தில் எடுத்துக் கால்முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினோம். முள்ளின் உட்பகுதியில் எலும்பும் இரத்த ஓட்டமும் உண்டு, ஆதலால் நுனிக்குமேல் கை வைக்கக்கூடாது. சூடான உருளைக்கிழங்கைச் செருகி முள்ளின் மேலோட்டைக் கழற்றுகிற வித்தையைக் காணொளிகளில் காட்டுகிறார்கள்; வெந்த சதையின் வலி அந்தப் பறவைக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தவர் அதைச் செய்யமாட்டார். இவ்வளவுக்குப் பிறகும் குழந்தைகளின் முகத்துக்குத் தாவுகிற சேவலை வைத்துக்கொள்ளக்கூடாது. மூர்க்கம் குஞ்சுகளுக்கும் இறங்கும் என்பதால் அதனோடு இணைந்த பெட்டைகளின் முட்டைகளை அடைவைக்கவும் கூடாது. அது குழம்புக்குப் போவதில் எனக்கு மனத்தடை இல்லை. ஆனால் ‘நல்ல கோபக்காரச் சேவல், சேவற்கட்டுக்கு நல்ல விலை போகும்’ என்று கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பறவைகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எங்கள் சேவல் தப்பித்துக்கொண்டது. ஆண் கினிக்கோழிகள் குறைந்த பிறகு அதன் வாலும் முளைத்தது, குணமும் பாதி திரும்பியது. எட்டுப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கு முன்பே சரியாக இருந்ததால் அங்கே மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

அன்றாட நடத்தையைப் பற்றி அந்தத் தாள் மூன்று வரி எழுதியிருக்கிறது: ‘பாம்பு வராது. காவல் காக்கும். பராமரிப்புத் தேவையில்லை.’ மூன்றும் அரை உண்மைகள்.

பாம்பைக் கண்டால் கினிக்கோழிகள் சும்மா விடுவதில்லை. ஒரு சாரைப்பாம்பு கிணற்றடிக்கு வந்தபோது பன்னிரண்டும் வட்டமாகச் சூழ்ந்துகொண்டு, கழுத்தை நீட்டி, தோப்பே அதிரும்படி கத்தின. பாம்பு நகர்ந்தால் வட்டமும் நகர்ந்தது. கடைசியில் அது வேலிக்கு வெளியே போனபிறகுதான் வாயை மூடின. ஒன்றுகூட அதைக் கொத்தவில்லை. ஆக, இவை அறிவிக்கும், நெருக்கும். வராமல் தடுக்கும் என்பது விளம்பரம். அதிலும் பகலில்தான். நமக்கு அதிக ஆபத்தான கட்டுவிரியன் நடமாடுவது இரவில். அந்த நேரத்தில் கினிக்கோழிகள் கம்பில் அடைந்து கண்ணை மூடியிருக்கும். கினிக்கோழி இருக்கிறது என்ற தைரியத்தில் இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கிறவருக்கு அந்தத் தாள் தீங்கே செய்கிறது.

காவல் விஷயத்தில் குறை சொல்ல முடியாது, குறை சொல்வதானால் அதன் மிகுதியைத்தான் சொல்ல வேண்டும். அந்நியர், நாய், கீரி, பருந்து ஆகியவற்றுக்குக் கத்துவது போலவே, பால்காரரின் புதிய தொப்பிக்கும், காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்கும், காரணமே இல்லாததற்கும் கத்தும். பக்கத்து வீடு முந்நூறு அடிக்குள் இருந்தால் இந்தப் பறவையை வாங்குவதற்கு முன்பு அந்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. ஆண்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: பளபளப்பான எதிலும் தெரிகிற தங்கள் பிம்பத்தை எதிரி என்று நினைத்துக் கொத்தும். என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியில் உள்ள கீறல்கள் எல்லாம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழுந்தவை. வண்டிக்கு உறை போட்டதோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

‘பராமரிப்புத் தேவையில்லை’ என்பதற்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வந்து பார்த்தால் பதில் கிடைக்கும். கினிக்கோழிக்கு இருட்டான கூண்டுக்குள் நுழையப் பிடிக்காது. விட்டால் தென்னைக்கும் வேப்பமரத்துக்கும் ஏறி அடைந்துவிடும். மரத்தில் அடைந்தால் ஆந்தைக்கும் மரநாய்க்கும் இரையாகும். புதிதாக வாங்கிய பறவைகளை ஆறு வாரங்கள் கொட்டகைக்குள்ளேயே வைத்துப் பழக்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும். பண்ணையின் தாள் ‘ஒரு வாரம் போதும்’ என்கிறது. அதைத் தொலைபேசியில் கேட்டபோது, பேசியவர் தம் அனுபவத்தில் ஒன்றரை மாதம் என்று ஒப்புக்கொண்டார். பின் ஏன் தாளைத் திருத்தவில்லை என்பதற்குப் பதில் இல்லை. கொட்டகைக்குள் ஒரு சிறிய விளக்கைப் போட்டு, உயரத்தில் குறுக்குக் கம்பு கட்டி, அந்தி நேரத்தில் தகர டப்பாவைத் தட்டி ஒரு கைப்பிடிக் கம்புத் தானியம் தூவினால் வரிசையாக வந்துவிடும். கம்பு கொடுப்பது அந்த ஒரு வேளைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். பகலிலும் கொடுத்தால் அந்தியில் அதற்கு மதிப்பிருக்காது.

வேலி இன்னொரு கூத்து. மரத்தின் உச்சிக்குப் பறக்கத் தெரிந்த பறவை, நான்கடிக் கம்பி வேலியின் மறுபக்கத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் பறக்க மறந்துபோய், வேலியை ஒட்டி முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே அழும். துரத்தினால் பதறும். வேலியில் இரண்டு இடங்களில் திறப்பு வைத்ததே அதற்குத் தீர்வாக அமைந்தது. ஓர் இறக்கையின் பறக்கும் இறகுகளைக் கத்தரிக்கலாம் என்று தாள் சொல்கிறது. இறகு உதிர்ந்து முளைத்ததும் பழையபடி பறக்கும், அதுவரை நாய் துரத்தினால் தப்பவும் வழியிருக்காது. நாங்கள் அதைச் செய்யவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு பறவையின் நன்மையையும் சொல்வதே நியாயம். வெட்டுக்கிளி, கரையான், உண்ணி எதையும் விட்டுவைப்பதில்லை. மாட்டுத்தொழுவத்தைச் சுற்றியுள்ள புல்லில் உண்ணி குறைந்ததைக் கண்கூடாகப் பார்த்தோம். நாட்டுக்கோழியைப்போல் கீரைப்பாத்தியைக் கிளறிப் போடுவதில்லை, மண்குளியலுக்கு மட்டும் அங்கங்கே குழி பறிக்கும். முட்டை ஏறக்குறைய 40 கிராம் இருக்கும். ஓடு தடிமனானது, சட்டி விளிம்பில் ஒரு தட்டுக்கு உடையாது. பெட்டைகள் புதருக்குள் ஒரே குழியில் சேர்ந்து முட்டையிட்டு ஒளித்து வைக்கும். கண்டுபிடித்து எடுக்கும்போது குழியில் இரண்டு, மூன்றை விட்டுவைக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்தால் இடத்தை மாற்றிவிடும். அடைவைப்பதற்கு அவற்றை நம்பாமல், அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழியின் கீழ் வைப்பது மேல். கோழி முட்டைக்கு 21 நாள் என்றால் இதற்கு 26 முதல் 28 நாள் ஆகும். அந்தக் கூடுதல் வாரத்தையும் பொறுமையாக உட்காருகிற கோழியாகப் பார்த்து வைக்க வேண்டும். பனி ஈரத்தில் நனைந்தால் குஞ்சுகள் சாகும். கினிப்பெட்டை ஈரப்புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு திரியும், நாட்டுக்கோழி சிறகுக்குள் வைத்துக்கொள்ளும். கோழியிடம் வளர்ந்த குஞ்சுகள் பெரிதானபின் கோழிகளிடம் மூர்க்கம் காட்டுவதும் குறைவு. சண்டையைக் குறைக்க நினைப்பவருக்கு இது கண்ணாடியைவிடப் பயனுள்ள முதலீடு.

தடுப்பூசி போட்டதாக வாய்வார்த்தையாகச் சொன்னார்களே தவிர, தேதி குறித்த அட்டை தரவில்லை. கினிக்கோழிக்கு நோய் எதிர்ப்பு அதிகம் என்பது உண்மைதான். அதற்காக வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி வேண்டாம் என்று ஆகாது. பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமில் நாட்டுக்கோழிகளோடு இவற்றுக்கும் இலவசமாகப் போட்டுக்கொண்டோம்.

ஆண்கள் அதிகமாக வந்ததற்குப் பண்ணை என்ன செய்தது என்பதுதான் மீதி. முதலில் ‘அனுப்பிய பிறகு பொறுப்பில்லை’ என்றார்கள். விலைச்சீட்டில் அவர்கள் கைப்பட எழுதியதைப் படமெடுத்து அனுப்பியதும் இறங்கி வந்தார்கள். ஐந்து ஆண்களை எடுத்துக்கொண்டு, குரல் தெளிந்த வயதுள்ள ஐந்து பெட்டைகளைத் தந்தார்கள். வயது கூடியதற்கென்று பறவைக்கு 200 ரூபாயும் வண்டிச் செலவும் எங்கள் தலையில் விழுந்தன. பிழை அவர்களுடையதாக இருக்கும்போது வயதுக்குக் கூடுதல் விலை கேட்டது முறையன்று. ஆனால் பறவை விற்கிறவர்களில் பலர் தொலைபேசியையே எடுப்பதில்லை என்பதையும் கணக்கில் கொள்கிறேன். இப்போது பத்துப் பெட்டைகளுக்கு இரண்டு ஆண்கள் என்று விலைச்சீட்டு சொன்ன நிலைக்குத் தோப்பு வந்து சேர்ந்திருக்கிறது. ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டைகள் என்பது வளர்ப்பில் ஒத்துவருகிற கணக்கு, துரத்தல் இருக்கிறது, இறகு பிடுங்கல் இல்லை.

பறவைகளின் தரத்துக்கு ஐந்துக்கு நான்கு, ஆலோசனைக்கு மூன்று, அச்சிட்ட தாளுக்கு ஒன்று தருவேன். ஆண் பெண் பிரிப்பதாகச் சொல்லி வாங்கும் கூடுதல் தொகைக்கு மதிப்பெண் எதுவும் இல்லை. இதே பண்ணையில் மறுபடியும் வாங்குவேனா என்றால், வாங்குவேன். தொகுப்பாக அன்று, மூன்று மாதம் கடந்த பறவைகளாக, நேரில் போய். ஒவ்வொரு பறவையையும் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விட்டு, சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தால், பெட்டையாக இருந்தால் கூட்டத்தைத் தேடி இரட்டைக் குரலில் கூப்பிடும். கூப்பிட்டதை மட்டும் பெட்டை என்று எண்ணிக் காசு கொடுங்கள். காத்திருக்க நேரமில்லை என்று விற்பவர் சொன்னால், ஆண் பெண் பிரிக்காத விலைக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள். மிகுதியான ஆண்களைக் கறிக்கு ஒதுக்கிவிட்டாலும் அந்த விலையில் உங்களுக்கு நட்டமில்லை.